கடைசிப் படியை எண்ணாதவன்

மைக்குக்கு ஒரு வாடை உண்டு. இப்போது சட்டைக் காலரில் குத்திக்கொள்கிற கடுகளவு மைக்கைச் சொல்லவில்லை. எனக்குப் பதின்மூன்று வயதானபோது எங்கள் திருத்தணியில் "ரேடியோ செட்" கடையிலிருந்து வாடகைக்கு வந்துகொண்டிருந்த கனத்த இரும்பு மைக்கைச் சொல்கிறேன். அதன் சல்லடை முகத்தருகே உதட்டைக் கொண்டுபோனால் துரு, வெற்றிலை, போன வாரம் கட்சிக் கூட்டத்தில் பேசியவர் தின்ற பக்கோடா, அதற்கு முந்தின வாரம் காதுகுத்தில் மொய் வாசித்தவரின் மூக்குப்பொடி என்று ஊரில் பேசிய அத்தனை பேருடைய எச்சிலும் காய்ந்து கலந்த ஒரு வாடை மூக்கில் ஏறும். மற்ற பிள்ளைகளுக்கு அது குமட்டும். எனக்கோ அந்த வாடை பட்டதும் தொடை நடுக்கம் நின்று, நாக்கு தானாக எழுந்து உட்கார்ந்துகொள்ளும். தணிகாசலம் என்று வீட்டில் வைத்த பெயரை வாத்தியார்களே மறந்துபோய் "மைக்கு" என்றுதான் கூப்பிட்டார்கள்.

அந்த மைக்கு மகா பயந்தாங்கொள்ளி என்பது வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ரகசியம். பொழுது சாய்ந்தால் புழக்கடைக் குழாய்க்குத் தனியாகப் போக மாட்டேன். போயே ஆகவேண்டும் என்றால் வாளியைத் தட்டிக்கொண்டு போவேன், எதிர்ப்படுகிற எதுவாக இருந்தாலும் முன்கூட்டியே ஒதுங்கிக்கொள்ளட்டும் என்று. எங்கள் தெருநாய்க்குக்கூட இது தெரியும். நான் வாளியை எடுத்தால் துணைக்கு எழுந்து வரும், முகத்தில் சலிப்போடு.

பயப்படுகிறவனுக்கு ஒரு வசதி, எந்த இடத்தில் கை வைத்தால் மனிதன் பயப்படுவான் என்பது அவனுக்கு மனப்பாடம். இதோடு நான் ஒரு வேலையும் செய்துவைத்திருந்தேன். ஒரு குயர் நோட்டின் பின்பக்கத்தில், பேசி ஜெயிக்கிறவர்கள் எப்படி ஜெயிக்கிறார்கள் என்று எழுதிவந்தேன். ஆர்.கே.பேட்டை டவுன் பஸ்ஸின் கண்டக்டர் காலியான வண்டியின் படியில் நின்றுகொண்டு "ஃபுல்லு, ஃபுல்லு, கடைசி ரெண்டு சீட்டு" என்று கத்துவார். நாலு பேர் ஓடிவந்து ஏறுவார்கள், நாலு பேர் ஏறியதைப் பார்த்து நாற்பது பேர் ஏறுவார்கள். அந்த உத்திக்கு என் நோட்டில் பெயர் "கடைசி ரெண்டு சீட்டு". மேடையில் சாக்கடையைப் பற்றிக் கேட்டால், கேட்டவனுடைய அப்பன் எந்தக் கட்சியில் இருந்தான் என்று திருப்பிக் கேட்பவரின் உத்திக்குப் பெயர் "வேட்டியை உருவு". பேருந்து நிலையத்தில் படர்தாமரைக் களிம்பு விற்றவர், கூட்டம் கலையப் பார்த்தால் குரலைத் தாழ்த்தி, பாதியில் போகிறவனைப் பற்றித் தனக்குக் கவலையில்லை, ராத்திரி அவனே தன்னைப் பற்றிக் கவலைப்படுவான் என்பார். ஒரு ஆள் நகர மாட்டான். நான் உட்பட. எனக்குப் படர்தாமரையே கிடையாது.

எங்கள் நைனா, அதாவது அப்பா, மலையடிவாரத்தில் கற்பூரமும் ஊதுவத்தியும் விற்கிற கடை வைத்திருந்தார். பொட்டலம் மடிக்கக் காகிதம் தேடியபோது அந்த நோட்டு அவர் கையில் சிக்கியது. இரண்டு பக்கம் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இதெல்லாம் பேச்சு இல்லடா, பிக்பாக்கெட்டு. அவனவன் தெரியாம கைய உடறான், நீ எந்த வெரல எப்டி உடறான்னு பாத்து எழுதிகினு கீற."

பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

இனி படிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் மலைக்கோயிலுக்கு முந்நூற்று அறுபத்தைந்து படிகள், ஆண்டின் நாளுக்கு ஒன்று. வருஷம் முடிகிற அன்று பெண்கள் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் ஏற்றிக்கொண்டே ஏறுவார்கள். ஊரில் பிறந்த ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது அந்தப் படிகளை எண்ணியிருப்பார்கள். ஒருவருக்கும் கணக்குச் சரியாக வந்ததில்லை. நடுவில் ஒரு மண்டபம், ஒரு திருப்பம், பாதி தேய்ந்த ஒரு படி, எதிரே இறங்குகிற தெரிந்த முகம் என்று ஏதாவது ஒன்று குறுக்கே வந்து எண்ணிக்கையில் ஒன்றோ இரண்டோ காணாமல் போகும். உச்சியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே முந்நூற்று அறுபத்து நாலு என்பார்கள், அறுபத்து மூன்று என்பார்கள், சிரித்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். யாரும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை, நான் வாயைத் திறக்கும்வரை.

எட்டாம் வகுப்பில் பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒரு பட்டிமன்றம் வைத்தார்கள். தலைப்பு, பேய் உண்டா இல்லையா. இல்லை என்று பேசுவதற்கு என் வகுப்புச் சுமதி. உண்டு என்று பேசுவதற்கு நான். திருவாலங்காட்டுப் பக்கத்தில் ஒரு பேய் ஊர்ச் சபையில் அழுதே வழக்கை ஜெயித்த கதையைக் கேட்டு வளர்ந்த ஊர் எங்களுடையது, ஆகவே தலைப்பில் ஒன்றும் விபரீதம் இல்லை என்று தமிழையா நினைத்திருக்க வேண்டும். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கர்களைக் கட்டினார்கள், ஒன்று மைதானத்தைப் பார்த்து, ஒன்று தெருவைப் பார்த்து. தெருவைப் பார்த்தது எங்கள் கடை, அடிவாரம், கீழ்ப்படிகள் எல்லாவற்றுக்கும் கேட்கும்.

சுமதி முதலில் பேசினாள். நன்றாகப் பேசினாள், நியாயமாகச் சொல்ல வேண்டும். தூக்கத்தில் "அமுக்குவான்" அழுத்துவது ஏன், சுடுகாட்டில் நீல வெளிச்சம் தெரிவது ஏன் என்று ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தாள். கடைசியில் நிமிர்ந்து, இங்கே பேயைத் தன் கண்ணால் பார்த்தவர்கள் கை தூக்குங்கள் என்றாள். மாமாவுக்குத் தெரிந்தவர் பார்த்ததாகச் சொல்ல நிறையப் பேர் இருந்தார்கள், தன் கண்ணால் என்றதும் ஒரு கைகூட எழவில்லை. அவள் நன்றி சொல்லி உட்கார்ந்தபோது போட்டி முடிந்துவிட்டது. நான் எழுதிவைத்திருந்த பேச்சு சட்டைப் பையில் வியர்வையில் நனைந்துகொண்டிருந்தது.

மைக்கருகே போனேன். வாடை ஏறியது. பையிலிருந்ததை எடுக்கவேயில்லை.

இங்கே படியை எண்ணியவர்கள் கை தூக்குங்கள் என்றேன். மைதானம் முழுக்கக் கை. பெற்றோர்கள், வாத்தியார்கள், மேடையிலிருந்த தமிழையாவும். சரியாக வந்தவர்கள் மட்டும் கையை வைத்திருங்கள் என்றேன். ஒவ்வொன்றாக இறங்கின. கடைசிக் கை இறங்கும்வரை பேசாமல் நின்றேன். அந்த மௌனத்தை நான் திட்டமிடவில்லை, அடுத்து என்ன சொல்வது என்று தெரியாததால் வந்தது. ஆனால் அது கூட்டத்தின் மேல் ஈரத்துணி மாதிரி விழுவதைப் பார்த்தேன்.

"அப்ப உங்க கணக்குல கொறஞ்ச ஒண்ண எடுத்தது யாரு?" என்றேன்.

மிச்சத்தை நாக்கே பார்த்துக்கொண்டது. ஆந்திரப் பக்கத்திலிருந்து ஒருவன் படி எண்ணி ஏறுவதாக வேண்டிக்கொண்டு வந்தான். முந்நூற்று அறுபத்து நாலாவது படியில் மூச்சு நின்றுவிட்டது. அன்றிலிருந்து பொழுது சாய்ந்ததும் அடியிலிருந்து மறுபடி எண்ணிக்கொண்டு வருகிறான், தெலுங்கில், அடிக்குரலில். கடைசிப் படி மட்டும் அவன் வாயில் வருவதில்லை. ஆகவே நாம் எண்ணும்போது நம் கூடவே எண்ணி, நம்முடையதில் ஒன்றை எடுத்துப் பார்க்கிறான். சாட்சி இருக்கிறதா என்று சுமதி கேட்பாள், கேட்கட்டும், கீழ்ப்படியில் செருப்புப் பார்த்துக்கொள்கிற ராஜம்மா அக்கா தினமும் அந்தக் குரலைக் கேட்கிறார், போய்க் கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

ராஜம்மா அக்காவை ஏன் இழுத்தேன் என்று எனக்கு அப்போதே தெரியும். தெலுங்கு புழங்கும் புத்தூர்ப் பக்கத்துக்காரி, முப்பது வயதிருக்கும், புருஷன் போன பிறகு கீழ்ப்படியை ஒட்டிய ஒரு தகரக்கூரை அறையில் தனியாக இருந்தாள். மலையேறுகிறவர்கள் விட்டுப்போகும் செருப்புகளைப் பார்த்துக்கொள்வாள், கூடவே உப்பில் ஊறிய நெல்லிக்காய் விற்பாள். டோக்கன் கிடையாது, சீட்டு கிடையாது. முகத்தைப் பார்த்துச் செருப்பை எடுத்து வைப்பாள். கிருத்திகைக் கூட்டத்தில்கூட ஒரு ஜோடி மாறியதில்லை. பொய் சொல்லாதவள், தப்புப் பண்ணாதவள் என்று ஊரே நம்பிய ஓர் ஆள் எனக்குத் தேவைப்பட்டது. எடுத்துக்கொண்டேன், அடுத்தவன் செருப்பை மாட்டிக்கொண்டு போகிற மாதிரி.

கடைசியாக ஒரு பூட்டும் போட்டேன். இதையெல்லாம் கேட்டுச் சிலர் சிரிக்கலாம், அவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது, ஏனென்றால் அவன் பிடித்த ஆள் முதலில் சொல்கிற வார்த்தையே "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல" என்பதுதான் என்று சொல்லிவிட்டு மெதுவாகத் திரும்பிச் சுமதியைப் பார்த்தேன்.

மறுத்துப் பேச அவளுக்கு ஒரு நிமிடம் இருந்தது. கோபமாக எழுந்து மைக்கைப் பிடித்தாள். "அப்படியெல்லாம் ஒண்ணும்..." என்று ஆரம்பித்தவள் அங்கேயே நின்றாள். முன்வரிசையில் ஒரு அம்மா குழந்தையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். வேறு எந்த வார்த்தையில் ஆரம்பித்தாலும் அது அங்கேதான் போய் முடியும் என்பது சுமதிக்குப் புரிந்துவிட்டது. உட்கார்ந்துவிட்டாள்.

எங்கள் பள்ளியில் தீர்ப்பு கைதட்டலை வைத்துத்தான். எனக்கு யாரும் தட்டவில்லை. பயந்து உட்கார்ந்திருந்தார்கள். தமிழையா அந்த அமைதியையே கைதட்டலாகக் கணக்கில் எடுத்துக் கோப்பையை என்னிடம் கொடுத்தார். அன்று இருட்டின பிறகு நான் புழக்கடைக்கே போகவில்லை. நாய் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனது.

முதலில் எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. ராஜம்மா அக்காவிடம் போய்க் கேட்டவர்களுக்கு அவள் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். "ஆங், எண்றான். எண்ணி முடிச்சதும் வந்து செருப்ப வாங்கிக்கச் சொல்லு, எத்தினி வர்சம் நான் காவ காக்கறது" என்றாளாம். ஆனால் கேட்கிறவர்கள் நிற்கவில்லை. காலையில் பூக்காரி கேட்டாள், மத்தியானம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கேட்டார்கள், சாயங்காலம் ஆந்திராவிலிருந்து வந்த பஸ் கூட்டம் தெலுங்கில் கேட்டது. அவள் இல்லை என்றால், சொல்ல பயப்படுகிறாள் என்றார்கள். பேசாமல் இருந்தால், பார் பேச மாட்டேன் என்கிறாள் என்றார்கள். பத்து நாள் இப்படிப் போனது. பதினோராம் நாளோ என்னவோ, ஒரு சாயங்காலம் அவள் பதில் சொல்லுமுன் கொஞ்சம் தலையைச் சாய்த்துக் காது கொடுத்ததை நான் பார்த்தேன். எங்கள் கடை வாசலில் நின்று, என் கண்ணால் பார்த்தேன்.

அதற்கடுத்த வாரம் ஒரு ஜோடி செருப்பு மாறியது.

நைனாதான் சாப்பிடும்போது சொன்னார். திருத்தணியே எழுந்து நடந்து போய்விட்ட மாதிரி சொன்னார். ராஜம்மா அறையைக் காலி செய்யப் போகிறாளாம், அரக்கோணத்தில் அவள் அக்கா வீட்டுக்கு. அந்த அக்கா புருஷனைப் பற்றி எங்களுக்குத் தெரியும். ராஜம்மாவை அவன் அடித்ததால் அந்த வீட்டை விட்டுத்தான் அவள் ஒரு பையோடு எங்கள் அடிவாரத்துக்கே வந்திருந்தாள். அந்தத் தகரக்கூரைக்குக் கீழேதான் யாரையும் கேட்காமல் கதவைச் சாத்திக்கொள்ள அவளால் முடிந்தது.

நான் ஊதிய பலூன் ஊருக்குள் சுற்றிவந்து ஒரு மனுஷியின் கதவை இடிக்கும் என்று என் நோட்டில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் செய்தி வாசிப்பது என் முறை. வாசிக்கவில்லை. நான் பட்டிமன்றத்தில் சொன்னதெல்லாம் நானே கட்டிய கதை, ராஜம்மா அக்கா எதையும் கேட்டதில்லை, படியில் யாரும் எண்ணவில்லை என்று மைக்கில் சொன்னேன். தெளிவாக, நிதானமாக, ஒரு உத்திகூட இல்லாமல், என் வாழ்க்கையில் முதல்முறையாக. முடிக்கும்போது நாக்கு பழக்கதோஷத்தில் ஒன்றைச் சேர்த்துவிட்டது.

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல."

சொன்ன வாய் மூடுமுன்பே எனக்குத் தெரிந்தது. ஆறாம் வகுப்பு வரிசையில் ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். பிறகு அந்த வரிசை முழுக்க. டிரில் வாத்தியார் என் தோளைப் பிடித்தார், பிடித்த வேகத்திலேயே விட்டுவிட்டு பேன்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் வேப்பிலை, எலுமிச்சை, முகத்தில் வாளித் தண்ணீர், மலைமேல் கூட்டிப்போய் கண்ணுக்குள் போகிற மாதிரி விபூதி. நான் அமைதியாகப் பேசினால் குரல் மாறிவிட்டது என்றார்கள். கத்தினால் அது கத்துகிறது என்றார்கள். வாயை மூடிக்கொண்டால் பதுங்குகிறது என்றார்கள். மனிதனாக இருப்பதற்கு நாலாவது வழி எனக்குத் தெரியவில்லை. அம்மா அழுதுகொண்டே என் கையில் கறுப்புக் கயிறு கட்டினாள். எல்லாரும் போன பிறகு நைனா துண்டால் என் தலையைத் துவட்டினார்.

"நல்ல பூட்டுடா நீ போட்டது. ஊர்ல எவனாலயும் தொறக்க முடியாது. சாவி ஒண்ணு செஞ்சி வெச்சிகினு அப்பால போட்டிருக்கலாம் இல்ல" என்றார்.

மறுநாள் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. சுமதி மட்டும் வந்து உட்கார்ந்தாள். பெரிய மனசு என்று சொல்ல முடியாது, பல்லைக் கடித்துக்கொண்டுதான் பேசினாள்.

"இனிமே வாயத் தொறக்காத. நீ இன்னா சொன்னாலும் நம்ப மாட்டாங்க. அந்த அக்கா கூடப் போயி அந்த நேரத்துல சும்மா உக்காரு. ஒண்ணும் கேக்கலன்னா அவங்களே தெரிஞ்சிக்குவாங்க."

பேசாமல் ஒரு காரியம் செய்யலாம் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது. அவளையும் கூட வரச் சொன்னேன். "பொய் சொன்னது நானா நீயா" என்று கேட்டுவிட்டு எழுந்துபோனாள்.

ஆறு மணி வாக்கில் போனேன். வெளிச்சம் இன்னும் முழுக்கப் போகவில்லை. கடைசியாக இறங்கியவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். மரத்தட்டுகளில் ஒரு செருப்புகூட இல்லை, தூசியில் செருப்புகளின் அச்சு மட்டும் வரிசையாக இருந்தது. நானும் பழக்கமாக என் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனேன். தோலும் நெல்லிக்காய் உப்புத் தண்ணீரும் கலந்த வாசனை. மூலையில் ஒரு பை கட்டித் தயாராக இருந்தது. அக்கா இளைத்துப்போயிருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அக்கா, நான் சொன்னது பொய்" என்றேன்.

"தெரியும் பா. அன்னிக்கு ஸ்பீக்கர்ல கேட்டப்பவே தெரியும், நான் எங்க கேட்டன்?" என்றாள். பிறகு யாருக்கோ கேட்டுவிடப் போகிறது என்பது போலக் குரலை இறக்கிச் சொன்னாள். "ஆனா நீ சொன்னதுலேர்ந்து கேக்குது."

சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம் அக்கா, ஒன்றும் கேட்காது, கேட்காவிட்டால் பையைப் பிரித்துவிட வேண்டும் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு ஆசை இருந்தது. பிரிச்சிடறேன் என்றாள். கேக்கலன்னா சத்தியமா பிரிச்சிடறேன்.

எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். மலைமேல் மணி அடித்து ஓய்ந்தது. அரக்கோணம் பக்கம் போகிற ரயிலின் சத்தம் தேய்ந்து போனது. தகரம் சூடு ஆறும்போது டப் டப் என்று ஒன்றிரண்டு தடவை சொன்னது, நான் ஒவ்வொன்றுக்கும் எழுந்து உட்கார்ந்தேன். பிறகு அதுவும் நின்றது. கேட்கிறதா என்று நான் கண்ணாலேயே கேட்டேன். இல்லை என்று அவள் தலையசைத்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். உன்னிப்பாகக் கேட்பதற்காக அவள் கண்ணை நிலைகுத்தி வைத்துக்கொண்டாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது குரல் கேட்டது.

"மூடு வந்தல அரவை..."

தெலுங்கு. அடிக்குரல். ஆண் குரலா பெண் குரலா என்று சொல்ல முடியாத, மூச்சே சத்தமானது போன்ற ஒன்று. முந்நூற்று அறுபது. மெதுவாக, ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையில் கால் தூக்கி வைக்கிற நேரம் விட்டு, ஒகட்டி என்றது. ரெண்டு என்றது. என் முதுகுத் தண்டில் ஒவ்வொரு எண்ணும் ஏறியது. மூடு. அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று தேடின என் கண் அவள் முகத்தில் போய் நின்றது. ராஜம்மா அக்காவின் உதடு அசைந்துகொண்டிருந்தது.

அவளுக்கு அது தெரியவில்லை. காதைச் சாய்த்து, புருவத்தை நெரித்து, தன் வாயிலிருந்து வருவதையே தூரத்திலிருந்து வருகிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள். நாலுகு என்றது அந்த உதடு. அங்கே நின்றது. அவள் கண் என் பக்கம் திரும்பியது. அடுத்ததை நான் சொல்ல வேண்டும் என்பது போல இருந்தது அந்தப் பார்வை.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வாக்கியம். அக்கா, உன் வாய்தான் எண்ணுது. ஊரில் அதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். அதைச் சொல்லி அவள் கையைப் பிடித்து அவள் உதட்டின் மேல் வைத்திருந்தால் போதும். மைக்கு வேண்டாம், நோட்டு வேண்டாம், கூட்டம் வேண்டாம்.

நான் ஓடினேன்.

எப்படி ஓடினேன் என்பதைக் கொஞ்சம் பெருமையாகவே சொல்லலாம். நிலைப்படியில் தலை இடித்தது, நெல்லிக்காய் ஜாடி உருண்டது, எதிரே வந்த ஆடு ஒன்று என்னைப் பார்த்து ஓடியது, அந்த ஆட்டைப் பார்த்து நான் இன்னும் வேகமாக ஓடினேன். பின்னால் அவள் வாசலுக்கு வந்து கூப்பிட்டது காதில் விழுந்தது.

"தணிகா, உனக்கும் கேட்டுச்சா? உனக்கும் கேட்டுச்சில்ல?"

நான் திரும்பவில்லை. என் ஓட்டம்தான் அவளுக்குப் பதில். எத்தனையோ மேடையில் ஜெயித்திருக்கிறேன், அந்த முதுகைப் போல ஒருவரை முழுக்க நம்பவைத்த பேச்சை நான் பேசியதில்லை. கால்வாய் தாண்டுவதற்குள்ளேயே நான் பார்த்தது என்ன என்பது எனக்குப் புரிந்துவிட்டது. பேய் இல்லை, பயந்துபோன ஒரு மனுஷியின் உதடு. புரிந்தும் கால் நிற்கவில்லை. காலையில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று போர்வைக்குள் என்னையே சமாதானப்படுத்தினேன், அதிலும் நான் கெட்டிக்காரன்.

காலையில் கதவைத் திறந்தபோது என் செருப்பு எங்கள் வாசலில் இருந்தது. தூசி தட்டி, வலது இடது மாறாமல், நான் காலை நுழைக்க வசதியாக வெளிப்பக்கம் பார்த்து வைத்திருந்தது. மாட்டாமலே ஓடினேன். அறைக் கதவு திறந்து கிடந்தது. முதல் ரயிலுக்கே போய்விட்டாள்.

நாலைந்து வருஷம் கழித்து நைனா அவளை அரக்கோணம் ஜங்ஷனில் பார்த்திருக்கிறார். என்னிடம் அப்போது சொல்லவில்லை, எனக்குக் கல்யாணமான பிறகுதான் சொன்னார். இடது கையில் கட்டுப் போட்டிருந்தாளாம். நல்லா இருக்கியாம்மா என்று இவர் கேட்டதற்கு, "இங்க சத்தமே இல்ல நைனா, நல்லாத் தூக்கம் வருது" என்றாளாம். நைனா இதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் கற்பூரப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தார்.

இப்போது எனக்குச் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை. விற்பனைக்குப் போகிற இளைஞர்களுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கிறேன். நான் "வேட்டியை உருவு" என்று எழுதிவைத்ததற்கெல்லாம் ஆங்கிலத்தில் அழகான பெயர்கள் இருக்கின்றன, சுவரில் வெளிச்சம் போட்டுக் காட்டுகிறேன், பிள்ளைகள் எழுதிக்கொள்கிறார்கள். எனக்குக் கொஞ்சம் நகைச்சுவை வரும் என்பதால் வகுப்பு நன்றாகப் போகிறது.

போன மாதம் கிருத்திகைக்கு மனைவியோடு திருத்தணி போயிருந்தேன். நைனா இல்லை, கடையும் இல்லை. கீழ்ப்படியை ஒட்டி இருந்த தகரக்கூரை வரிசையை எப்போதோ இடித்துத் தரையைச் சிமெண்ட் போட்டு வண்டி நிறுத்தும் இடமாக்கிவிட்டார்கள். செருப்புக்கு டோக்கன் கொடுக்கிறார்கள். வேன், கார், ஆட்டோ என்று மூச்சு விட இடமில்லாத நெரிசல். அந்த நெரிசலுக்கு நடுவில், ஓரமாக, ஒரு அறை அளவுக்கு மட்டும் சிமெண்ட் தரை காலியாகக் கிடந்தது. நான் வண்டியை அதில் திருப்பினேன். விசில் ஊதிக்கொண்டு ஒரு பையன் ஓடிவந்தான், இருபது வயதுகூட இருக்காது.

"அங்க வேணாம் சார். வெயிட் பண்ணுங்க, வேற காட்றேன்."

ஏன் என்றேன்.

"தெர்ல சார். அங்க யாரும் உட மாட்டாங்க."

யாராவது எண்ணுகிற சத்தம், அந்த மாதிரி ஏதாவது சொல்வார்களா என்று கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். எண்றதா, இன்னா எண்றது சார் என்றான். இங்கே ராஜம்மா என்று ஒருவர் இருந்தாரே என்றேன். அந்தப் பெயரை அவன் கேட்டதில்லை. படி எண்ணுகிறவனையும் கேட்டதில்லை. பின்னால் இருந்த பழைய வேன் டிரைவர் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டான், அவருக்கும் தெரியவில்லை. நாங்க வந்ததுலேர்ந்தே அப்டிதான் சார் என்றார் அவர்.

கதை போய்விட்டது. கதையைச் சொன்ன வாய்கள் போய்விட்டன. அறை போனது, அதிலிருந்தவள் போனாள், ஏன் பயப்படுகிறோம் என்பதும் போய்விட்டது. பயம் மட்டும் அறையின் நீள அகலத்தை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அத்தனை பேரில் அங்கே ஒன்றுமே இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். வண்டியை உள்ளே விட்டு நிறுத்தினால் போதும், மாலைக்குள் அங்கே நாலு வண்டி நிற்கும்.

"அதான் காலியாக் கீதே, உடுங்களேன்" என்றாள் மனைவி.

நான் ரிவர்ஸ் கியரைப் போட்டேன்.